பேர்க்காடு

சின்னாண்டிப்பட்டி,
மருங்காபுரி வட்டம்.
14.9.2025

வளவனுக்கு, ஜோதி எழுதுவது.

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை. நேற்று மத்தியானம் பேர்க்காட்டுக்குப் போய் உன் பேரைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சின்னாண்டிப்பட்டியில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது, அது வெறும் தரிசு, இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும் என்று உன் கம்பெனிக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாயே, அந்தப் பேப்பரை எங்கள் வக்கீல் அல்ஃபியா போன வாரம் ரேஷன் கடை வாசலில் வைத்து எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். ஊரே உட்கார்ந்திருந்தது. கடைசியில் உன் பேர் வந்ததும் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

வழக்கமே கிடையாது என்கிறவனுக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. கேட்டுக்கொள். வெளியூரில் செத்து, உடம்பு வீடு வந்து சேராதவர்களுக்கு நம் ஊரில் கல் நடுவதில்லை. ரத்த உறவு ஒருத்தர் வீட்டு வாசல் மண்ணோடு கையில் கிடைத்த காட்டு விதையெல்லாம் கலந்து, பேர்க்காட்டில் பேரைச் சொல்லி இறைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். எத்தனை வகை விதை போட்டாலும் அந்த இடத்தில் ஒரே வகைதான் முளைக்கும். போனவர் எப்படியோ அப்படி. அழகிரி மாமா நெருஞ்சியாக வந்தார். உயிரோடு இருந்தபோதும் குத்தத்தான் செய்தார். நம் அப்பா கிலுகிலுப்பைச் செடியாக வந்தார். வாய் ஓயாமல் பேசுகிற மனுஷனுக்கு வேறு என்ன வரும்?

லாரியோடு ஆற்றில் போனவர் நம் அப்பா பிச்சமுத்து. லாரி கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. அன்றைக்குப் பேர்க்காட்டில் நின்று அவர் பேரைச் சொன்னது யார்? நீ. அம்மா விதையை உன் கையில்தான் கொடுத்தாள். பேரைச் சொல்ல முடியாமல் நீ நின்றதும், நான் உன் முதுகைத் தடவிக்கொடுத்ததும் நடக்கவே இல்லை என்று இப்போது எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

அப்பா அங்கே இல்லை என்று சொல்கிறவன் எனக்கும் இல்லை. அதனால்தான் போட்டேன். ஆத்திரத்தில் செய்தது என்று நினைக்காதே, குளித்து முழுகி நிதானமாகத்தான் செய்தேன். பேர் போட்டவரிடம் வாயால் பேசக்கூடாது என்பது வழக்கம். உன் நம்பரை பிளாக் செய்தாகிவிட்டது. எழுதக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

ஜோதி


ஸ்ரீரங்கம்,
மேலூர் ரோடு.
19.9.2025

அன்புள்ள அக்கா,

அன்புள்ள என்று நான் போடுவேன். செத்தவனுக்கு என்ன கோபம்?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ப்ரீத்தியிடம் காட்டினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னங்க இது, உயிரோட இருக்கறவங்களுக்குப் போய் இப்படிப் பண்ணுவாங்களா உங்க அக்கா?" என்றாள். நான் சிரித்தேன். எங்கள் அக்கா சின்ன வயதில் கோபம் வந்தால் என் சட்டைக்குப் பட்டன் தைக்காமல் விட்டுவிடுவாள், இப்போது தையல்கடை வைத்த பிறகு கோபமும் பெரிதாகிவிட்டது என்றேன்.

அக்கா, நீயும் கொஞ்சம் யோசி. அந்த இடத்துக்குப் பட்டா வைத்திருந்த குடும்பம் விற்றுவிட்டது. கம்பெனி வாங்கிவிட்டது. ஊர்க்காரர்கள் யாரிடமும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆனவர்கள், கே.கே. நகரில் வாடகைக்கு இருந்தே காலத்தைக் கழித்தவர்கள், கடைசிக் காலத்தில் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று வருகிறார்கள். அவர்களை வேனில் ஏற்றி சைட்டைக் காட்டுவது என் வேலை. 'வண்ணமலர் அவென்யூ' என்று பேர் வைத்ததுகூட நான்தான். நம் ஊர்ப் பூவை மறந்தவன் அப்படி வைப்பானா?

அந்தப் பேப்பரை மேனேஜர் நீட்டினார், போட்டேன். நான் போடாவிட்டால் வேறு எவனாவது போட்டிருப்பான். வருஷத்தில் இரண்டு மாதம் பூக்கும், மீதி மாதம் ஆடு மேயும். இதற்குப் போய் ஊரே கோர்ட்டுக்கு அலைகிறது. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எங்கள் ஆபீசில் விரல் வைத்து உள்ளே போகிற மிஷின் இருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து என் விரலை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறது. சுண்ணாம்பில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் ரேகை அழியுமாம், உங்களுக்கு ஏன் சார் என்று அந்த மிஷின்காரன் கேட்கிறான். எங்க அக்கா செய்த வேலை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பிளாக்கை எடு. தீபாவளிக்கு வருகிறோம்.

உன் தம்பி,
வளவன்


சின்னாண்டிப்பட்டி,
12.10.2025

வளவனுக்கு,

உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன். ஆனால் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும், ஊரில் சொன்னால் பயந்துவிடுவார்கள்.

நீ வந்துவிட்டாய். அதாவது உன் செடி.

இந்த வருஷம் மழை நம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மணப்பாறை வரைக்கும் வருகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. பேர்க்காடு முழுக்கக் கட்டாந்தரையாகக் கிடக்கிறது. அப்பா இடத்தில் போன வருஷத்துக் குச்சிகள்தான் நிற்கின்றன. நான் உன் பேரைப் போட்ட இடத்தில் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று காசித்தும்பை. தண்ணீர் ஊற்றி வளர்த்தாலே வாடிப்போகிற செடி இந்த வெயிலில் தலை சாயாமல் நிற்கிறது. ரோஸ் கலரில் பூத்தும் விட்டது. எனக்குப் பயம் அதனால் இல்லை. நான் கலந்து போட்ட விதையில் காசித்தும்பையே கிடையாது. தும்பை, ஆவாரை, கொழிஞ்சி, நாயுருவி, அவ்வளவுதான். நானே பொறுக்கியது.

ஆடுகள் அந்த இடத்துக்கு வந்ததும் சுற்றிக்கொண்டு போகின்றன. ஒரு ஆள் நின்றால் எப்படி விலகிப் போகுமோ அப்படி. பூவெல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறது. வெயில் எந்தப் பக்கம் போனாலும் அது வடகிழக்கைத்தான் பார்க்கிறது. நீ இருக்கிற பக்கம்.

போன வியாழக்கிழமை உன் கம்பெனி ஜேசிபி அனுப்பியது. தெரியுமா உனக்கு? நாங்கள் பெண்கள் எல்லோரும் வழியில் உட்கார்ந்துவிட்டோம். ரெங்கம்மாள், அதான் ஓடைத்தெரு ரெங்கம்மாள், முந்தானையை விரித்து வண்டிக்கு முன்னாலேயே படுத்துவிட்டது. டிரைவர் இறங்கி வந்தான். சண்டை போடத்தான் வருகிறான் என்று நினைத்தோம். அவன் என்னிடம் வந்து மெதுவாக, "அக்கா, நீங்க எந்திரிக்கிறது அப்புறம். உள்ள யாரோ நின்னு பேசிக்கிட்டே இருக்காங்களே, அவங்களை முதல்ல வெளிய வரச் சொல்லுங்க" என்றான். உள்ளே யார் இருக்கிறார்கள்? வெறும் பொட்டல். அவன் முகத்தைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஊர் அதைக் கொண்டாடியது. நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நீ நல்லாத்தானே இருக்கிறாய்? ஒரு வரி எழுது.

ஜோதி


ஸ்ரீரங்கம்,
22.10.2025

அக்கா,

சிரித்துவிட்டேன் என்று எழுதினேனே, அந்த வாயில் மண்ணைப் போடு. நிஜமாகவே வாயில் மண் ருசி. எது தின்றாலும்.

நான் என்ன சொன்னாலும் நம்புவாய் என்று நினைத்து எழுதுகிறேன். பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்பதில்லை. முதலில் சந்தோஷமாக இருந்தது. நானே காசை நீட்டினாலும் என்னைத் தாண்டி அடுத்த ஆளிடம் போகிறார். ஓட்டலில் உட்கார்ந்தால் இலை போடுவதில்லை. "தம்பி, இங்க ஒரு சாப்பாடு" என்று கத்தினால் திரும்பிப் பார்க்கிறார்கள், "ஓ, கவனிக்கலைங்க" என்கிறார்கள், போகிறார்கள், அப்படியே மறந்துவிடுகிறார்கள். ஆபீசில் என் நாற்காலியில் வேறொரு பையன் உட்கார்ந்திருக்கிறான். யாரும் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. என்னிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ப்ரீத்தியை நான் குறை சொல்ல மாட்டேன். தீபாவளிக்குத் துணி எடுத்து வந்தாள். அவளுக்கு, அவள் அப்பா அம்மாவுக்கு. எனக்கு இல்லை. கேட்டதும் அழுதுவிட்டாள். "எப்படிங்க மறந்தேன்? கடையிலே உங்க ஞாபகமே வரலையே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது போன வாரம். இந்த வாரம் ஒரு தட்டு போட்டு அவள் மட்டும் சாப்பிடுகிறாள். நேற்று கடைக்குப் போகும்போது நான் உள்ளே இருக்கும்போதே வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டாள். கூப்பிட்டேன். தெருவில் நின்று ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டாள். அப்புறம் போய்விட்டாள்.

தாகம் தாங்க முடியவில்லை, அக்கா. அம்மா மண்டபத்துக்குப் போய் காவிரியில் முழங்கால் வரை இறங்கி நிற்கிறேன். அங்கே நின்றால்தான் உடம்பு அடங்குகிறது. வெயில் நன்றாக இருக்கிறது. அசையவே தோன்றவில்லை. ஒரு நாள் அப்படி நிற்கும்போது பட்டாம்பூச்சிகள் வந்து என் மேல் உட்கார்ந்தன. தோளில், காதில், இமையில். தேனீயும் வந்தது. எதுவும் கொட்டவில்லை. திதி கொடுக்க வந்தவர்கள் பக்கத்தில் நின்று தண்ணீர் மொண்டு ஊற்றிவிட்டுப் போகிறார்கள், என் மேலேயும் சேர்த்து.

உன் நம்பருக்கு எத்தனை பேர் போனிலிருந்தோ போட்டுப் பார்த்தேன். நீ எடுக்கிறாய், "யாருங்க, யாருங்க" என்கிறாய், வைத்துவிடுகிறாய். நான் கத்துகிறேன்.

பயமாக இருக்கிறது. அதைப் பிடுங்கிப் போடு.

வளவன்


சின்னாண்டிப்பட்டி,
27.10.2025

என் தங்கமே, வளவா,

அந்த போன் நீதானா? காற்று சத்தம் மட்டும்தான் கேட்டது. வெட்டவெளியில் அடிக்கிற காற்று. நடுவில் ஏதோ கிலுகிலுவென்று. உன் கடிதம் வந்ததும் பிளாக்கை எடுத்துவிட்டு நானே போட்டேன். மறுபடியும் அதே காற்று. அதற்குள் வாயை வைத்து உன் பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினேன். பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள். இனி நீ எழுது, நானும் எழுதுகிறேன். எழுத்தை மட்டும் ஏதோ விட்டுவைத்திருக்கிறது.

கடிதத்தைப் படித்த கையோடு பிடுங்கத்தான் ஓடினேன். செடிக்கு முன்னால் குனிந்தபோது பின்னால் ஒரு ஆள் வந்து நின்றார். ரெங்கம்மாள் வீட்டு வாசலில் எப்போதும் ஒருத்தர் உட்கார்ந்திருப்பாரே, யாரோ பாவம் என்று எல்லோரும் அப்பப்போ சோறு போடுவோமே, அவர். அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "என் பேரு மருதைங்க. விதை விழறதுக்கு முன்னாடி பிடுங்கணும். போட்ட கைதான் பிடுங்கணும். வேரோட வரணும். எங்கம்மா பிடுங்கலைங்க" என்றார். உங்கம்மா யாருங்க என்று கேட்டேன். ரெங்கம்மாள் வீட்டைக் காட்டினார். மலேசியாவுக்குப் போனவர் செத்துவிட்டதாக யாரோ சொல்ல, பேர் போட்டுவிட்டார்களாம். மூன்றாம் வருஷம் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாராம். வாசலில் நின்று அம்மா என்று கூப்பிட்டாராம். "யாருங்க வேணும்?" என்றதாம் ரெங்கம்மாள்.

நான் ரெங்கம்மாளிடமே போய்க் கேட்டேன். "எனக்குப் புள்ளை ஏது ஜோதி? குடுத்து வைக்கலையே" என்றது. முகத்தில் ஒரு பொய் இல்லை. எனக்கும் அப்படியொரு மகன் ஞாபகத்தில் இல்லை. ஆனால் அந்த வீட்டுச் சுவரில் அரை டிராயர் போட்ட ஒரு பையன் போட்டோ மாட்டியிருக்கிறது. அது யார் என்று கேட்டேன். "கண்ணாடிச் சட்டம் கடையில வாங்கினப்போ உள்ளேயே இருந்துச்சு, அழகா இருக்கேன்னு விட்டுட்டேன்" என்றது.

வளவா, அவசரப்பட்டு என்ன காரியம் செய்துவிட்டேன்! ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அம்மா என்னைச் சொல்லும்போதெல்லாம் அவளோடு சண்டை போட்டிருக்கிறேன்.

இன்னும் பிடுங்கவில்லை. ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ என்னைத் திட்டு. நேரில் பார்த்து அறிக்கை கொடு என்று கோர்ட் சொன்னதால் நவம்பர் பதினொன்றாம் தேதி ஆர்.டி.ஓ. அம்மா பேர்க்காட்டுக்கு வருகிறார். மழை இல்லாததால் காட்டுவதற்கு உன் செடியைத் தவிர ஒன்றுமே இல்லை. அதைப் பார்த்தால்தான் இன்றைக்கும் இங்கே பேர் போடுகிறார்கள் என்று நம்புவார், இல்லாவிட்டால் வெறும் தரிசு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்கிறாள் அல்ஃபியா. யாருடைய பேர் என்று அவளுக்குத் தெரியாது. ஊருக்கும் நான் சொல்லவில்லை. ரெங்கம்மாள் என் காலில் விழுந்து, அந்தச் செடியைக் காப்பாத்து ஜோதி என்று அழுகிறது. அதன் வீட்டுக்காரரும் அங்கேதான் இருக்கிறார்.

அப்பா போகட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. நீ போ என்று சொல்லவும் வரவில்லை. காய் பிடித்திருக்கிறது. இன்னும் பச்சைதான், கெட்டியாக இருக்கிறது. காசித்தும்பைக் காய் பழுத்துவிட்டால் விரல் பட்டாலே வெடித்து விதை சிதறும், உனக்கே தெரியும். நீ பிடுங்கு என்று ஒரு வார்த்தை எழுது. ஊர் என் மேல் காறித் துப்பினாலும் சரி, பிடுங்கிவிடுகிறேன்.

உன் அக்கா


ஸ்ரீரங்கம்,
1.11.2025

அன்புள்ள அக்கா,

பிடுங்காதே. பதினொன்றாம் தேதி வரை பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்ததும் பிடுங்கு என்றுதான் எழுத ஆரம்பித்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். ஆற்றில் நிற்கும்போது இப்போது ஒரு சத்தம் கேட்கிறது. வலது பக்கத்தில், கொஞ்சம் தள்ளி. காய்ந்த காய்க்குள் விதை ஆடுகிற சத்தம். லோடு ஏற்றிக்கொண்டு போன ஊர்க்கதையெல்லாம் சொல்வாரே, அதே ஏற்ற இறக்கம். வார்த்தை புரியவில்லை, ஆனால் அது அப்பாதான். எனக்கு வேறு எந்தச் சந்தேகமும் இல்லை. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜேசிபி வரட்டும் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஒரு தடவை கையெழுத்துப் போட்டு அவரை இல்லை என்று ஆக்கினேன். மறுபடியும் மாட்டேன்.

நான் வருகிறேன். ஆர்.டி.ஓ. அம்மா முன்னால் நின்று, அந்தப் பேப்பரில் எழுதியதெல்லாம் பொய், என் அப்பா இங்கேதான் இருக்கிறார், நான்தான் பேர் சொன்னேன் என்று சொல்கிறேன். கையெழுத்துப் போட்டவனே வந்து சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும்? அவர் வண்டி கிளம்பியதும் நீ பிடுங்கு. நான் பக்கத்திலேயே நிற்கிறேன். அப்புறம் வீட்டுக்குப் போய் உன் கையால் கருவாட்டுக் குழம்பு வை, நான் என் பங்கு திட்டையும் வாங்கிக்கொள்கிறேன்.

ஊரும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். காய் பச்சைதான் என்கிறாயே, பத்து நாள் தாங்காதா?

வளவன்


ஸ்ரீரங்கம்,
12.11.2025

அக்கா,

இது கிடைத்தவுடன் பிடுங்கு. முதலில் பிடுங்கு, அப்புறம் மீதியைப் படி.

நான் வந்தேன். பந்தல் போட்டிருந்தீர்கள். நீ மாம்பழக் கலர் புடவை கட்டியிருந்தாய். ஆர்.டி.ஓ. அம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன். அம்மா, நான் வளவன், அந்த வாக்குமூலம் என்னுடையது, அது பொய் என்றேன். அவர் என் தோளுக்கு மேலாகப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அல்ஃபியாவிடம் சொன்னேன், எழுதிக்கொண்டே திரும்பிக்கொண்டாள். கம்பெனி வக்கீலிடம்கூடச் சொன்னேன். மருதை ஒருத்தர்தான் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது ஆர்.டி.ஓ. அம்மா உன்னிடம் கேட்டார். "இது யாருங்கம்மா?" என்று. செடியைக் காட்டி. நீ வாயைத் திறந்தாய். என் பேரைச் சொல்லப்போகிறாய், சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. நெற்றியைத் தடவினாய். கடைசியில், "எங்க வீட்டு ஆளுதாங்க" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

உனக்கு முன்னால் வந்து நின்றேன், அக்கா. மூச்சு படுகிற தூரத்தில். அக்கா என்று கூப்பிட்டேன். நீ என்னைப் பார்த்தாய். உன் கண் என் மேல் பட்டது, நிச்சயமாகப் பட்டது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, செடியை மிதிச்சிராதீங்க" என்றாய்.

நீ என்னை நில்லுங்க என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

வண்டியெல்லாம் போன பிறகு நீ பிடுங்குவாய் என்று காத்திருந்தேன். கூட்டத்தோடு பேசிச் சிரித்துக்கொண்டு நீயும் போய்விட்டாய். நானே குனிந்து வேரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. என் முடியைப் பிடித்து நானே இழுப்பதுபோல வலித்தது. காய் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது.

எழுத்தை விட்டுவைத்திருக்கிறது என்று சொன்னாயே, அந்த ஒரு நம்பிக்கையில் எழுதுகிறேன். நீ ஜோதி. பிச்சமுத்து மகள். நான் உன் தம்பி. அப்பா பேரைச் சொல்ல முடியாமல் நின்றபோது என் முதுகைத் தடவிக்கொடுத்தாய். என்னை மறக்காதே, அக்கா. நினைவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பிடுங்கிவிடு.

வளவன்


சின்னாண்டிப்பட்டி,
24.11.2025

திரு. வளவன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. விலாசமும் என்னுடையதுதான், என் பேரும் என் அப்பா பேரும் சரியாகவே போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் பதில் எழுத இத்தனை நாள் யோசித்தேன். எனக்குத் தம்பி கிடையாதுங்க. நான் ஒரே பிள்ளை. அப்பாவுக்குப் பேர் போட்டதும் நான்தான். நீங்கள் எப்படியோ ஆள் மாறி எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இதே கையெழுத்தில் இன்னும் சில கடிதங்கள் என் தையல் மிஷின் டிராயரில் இருக்கின்றன. எப்படி வந்தன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் ஊர் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருப்பதால் சொல்கிறேன். ஆர்.டி.ஓ. அம்மா எங்களுக்குச் சாதகமாக அறிக்கை கொடுத்துவிட்டார். பேர்க்காட்டில் யாரும் கை வைக்கக்கூடாது என்று கோர்ட் உத்தரவு வந்துவிட்டது. உத்தரவு வந்த அன்றைக்கே மழையும் கொட்டித் தீர்த்தது. பத்து நாள்கூட ஆகவில்லை, இப்போது வந்து பார்த்தால் கண் கொள்ளாது, அத்தனை பூ. ஊரே சந்தோஷமாக இருக்கிறது.

நீங்கள் அந்தக் காசித்தும்பையைப் பிடுங்கச் சொல்லி அவ்வளவு வருந்தி எழுதியிருந்தீர்கள். பேர் போட்ட செடியைத் தொடக்கூடாது, ஊரில் யாரும் செய்ய மாட்டார்கள். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முகம் தெரியாதவர் இத்தனை கெஞ்சுகிறாரே, என்ன கஷ்டமோ, ஊருக்குத் தெரியாமல் செய்துவிடலாம் என்று இன்று காலையில் போனேன். கைபட்டதும் காயெல்லாம் வெடித்துவிட்டது. என் கை, புடவை, முகமெல்லாம் விதை. சுற்றிலும் மண்ணில் சிதறிவிட்டது. பொறுக்கி எடுக்க முயற்சி செய்தேன், முடியவில்லை. என்னை மன்னிக்க வேண்டும்.

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். எதற்காக அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ரெங்கம்மாள் வந்து கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தது. மழைக்காலம் வந்தால் பொம்பளைகளுக்கு இப்படித்தான் இருக்கும், எனக்கும் இருக்கும் என்றது.

உங்கள் அக்கா எங்கேயோ உங்களைத் தேடிக்கொண்டுதான் இருப்பார். கூடப் பிறந்தவர்கள் எத்தனை சண்டை போட்டாலும் விட்டுவிட மாட்டார்கள். சரியான விலாசத்தை விசாரித்து எழுதுங்கள், காலம் கடத்தாதீர்கள். அவர் கிடைத்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள். மனசுக்கு நிம்மதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பி. ஜோதி